உச்சம் கண்ட மனம் ஏன் நிறையவில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டே போனபோது நான்கு கடிதங்கள் ஒரே இடத்தில் வந்து முட்டுவது தெரிந்தது. தியானம், அருள், ஞானம், பேரின்பம் என்று ஆளுக்கொரு சொல், கேள்வி மட்டும் ஒன்றுதான்: உயர்ந்த நிலை மனநிறைவைத் தருமா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த நான்குக்கும் பதில் எழுதுகிறேன். முதல் பதில் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 41 வயது, கணக்கியல் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கிறேன். மூன்று வருடமாகத் தியானம் செய்கிறேன். போன ஜூன் விடுமுறையில் மலேசியாவில் பத்து நாள் மௌன முகாமுக்குப் போனேன். ஏழாவது நாள் மாலை, என் உடம்பு எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நான் என்று ஒருத்தி இல்லை, ஆனால் எல்லாம் இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அப்படியொரு நிம்மதியை நான் அறிந்ததே இல்லை. திரும்பி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் போய்விட்டது. முன்பு பிடித்திருந்த வேலை இப்போது சப்பென்று இருக்கிறது, கணவர் பேசினால் எரிச்சல், மகனின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடத் தோன்றுகிறது. உயர்ந்த நிலைக்குப் போனால் மனநிறைவு கூடும் என்றுதானே சொல்கிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் குறைந்தது? அடுத்து முப்பது நாள் முகாமுக்குப் பதிந்துகொள்ளலாமா?

பதில்: தங்கச்சி, அந்த மாலை நடந்தது பொய் இல்லை, பிரமையும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லாச் சமயத்தாருக்கும், சமயமே வேண்டாம் என்பவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902ல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். சொல்லில் அடங்காது, ஏதோ ஓர் உண்மையை அறிந்துவிட்டோம் என்ற உறுதி இருக்கும், நாம் செய்ததுபோல் இல்லாமல் அது நம்மை எடுத்துக்கொண்டதுபோல் இருக்கும், நிலைக்காது. இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். அபூர்வமாகச் சிலருக்குத் தவிர அரை மணி, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு மணி நேரம், அதற்குள் கலைந்துவிடும் என்றே அவர் கண்டார். ஆக, நீங்கள் எதையோ தவறாகச் செய்து கெடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். போகக்கூடியது போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. அந்த மாலையை நீங்கள் அளவுகோலாக்கிவிட்டீர்கள். காலையில் குடிக்கிற காப்பியையும், அலுவலகத்து வேலையையும், கணவரின் பேச்சையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள், எதுவும் எடுபடவில்லை. 1978ல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரிடம் பேசினார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை என்பதுதான் எல்லாரும் எடுத்துச் சொல்கிற முடிவு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, டிவி பார்ப்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. 22 பேரை வைத்து ஊரையே அளக்க முடியாது, சரி. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

இதைப் படித்த அறிவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்பு நானும் ஒரு முகாமை முடித்துப் பேருந்தில் திரும்பினேன். கடற்பாலத்தில் மூன்று மணி நேர நெரிசல். பின்சீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்றவர்களின் முகமெல்லாம் சொந்தக்காரர்கள் முகமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார், காது சரியாகக் கேட்காததால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன், அப்புறம் அறையிலிருந்து வந்து அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி இருண்டுபோன திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

அம்மா இப்போது இல்லை. அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பத்து நாளும் எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டு வந்தவள் ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கிடைத்த அமைதியை நான் நகை மாதிரி எடுத்துவைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். காவல் காப்பவருக்குக் கதவைத் தட்டுகிற எல்லாருமே திருடராகத்தான் தெரிவார்கள். உங்கள் கணவர் மேல் வருகிற எரிச்சலும் இதுதானோ என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மரபு இதைத் தெளிவாகவே சொல்லி வைத்திருக்கிறது, நாம்தான் பாதியில் நிறுத்திவிடுகிறோம். மாண்டூக்கிய உபநிடதம் பன்னிரண்டே மந்திரங்கள் உள்ள சின்ன நூல். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்று நிலைகளைச் சொல்லிவிட்டு நான்காவதாகத் துரியத்தைச் சொல்கிறது. நாம் உடனே அதை மின்தூக்கியில் நான்காவது மாடி மாதிரி கற்பனை செய்துகொண்டு ஏறப் பார்க்கிறோம். வேதாந்தம் படித்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மற்ற மூன்றும் வந்து வந்து போகும்போதும் போகாமல் அடியில் இருப்பது எதுவோ அதற்குத்தான் அந்தப் பெயர். அப்படியானால் வந்துபோன எதுவும், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அது இல்லை. ரமண மகரிஷி இன்னும் எளிமையாக விளக்கியிருக்கிறார். தியானத்தில் மூழ்கும் மனம் கயிறு கட்டிய வாளி கிணற்று நீருக்குள் கிடப்பது போன்றது, கயிற்றின் மறுமுனை வெளியே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் இழுபட்டு மேலே வரும். எப்போதும் இயல்பாக நிலைத்திருக்கும் சகஜ நிலை என்பது ஆறு கடலில் கலந்துவிட்டது போன்றது. திருவண்ணாமலை ஆசிரமத்தில் அவரே பல வருடம் விடியலுக்கு முன்பே எழுந்து சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார். காய் நறுக்குவது அவருடைய அமைதிக்கு இடைஞ்சலாக இருந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் வாளி ஏழாவது நாள் நல்ல ஆழத்துக்குப் போய் வந்திருக்கிறது. கயிறு இருக்கிறது, இழுபட்டது. முப்பது நாள் போனால் இன்னும் ஆழம் போகலாம், அப்புறம் அதையும் இழுப்பார்கள். அதனால்தான் இப்போதைக்குப் பதிய வேண்டாம் என்கிறேன். ஒரு வருடம் போகட்டும், அப்போதும் ஆசை இருந்தால் பார்க்கலாம்.

திருப்தி என்ற சொல்லை நாம் அதிகமாகச் சாப்பாட்டுக்குத்தானே சொல்கிறோம்? விருந்து முடிந்ததும் "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்போம். வயிறு நிறையும், ஆறு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். கோயிலில் அன்னதானம் பரிமாறும்போது நான் பார்த்திருக்கிறேன், சிலர் வாளி பக்கத்தில் வருவதற்கு முன்பே உள்ளங்கையை மேலே குறுக்கே காட்டி "போதும்" என்று சொல்வார்கள், முகத்தில் ஒரு குறையும் இருக்காது. சிலர் தட்டு நிறைய இருந்தும் அடுத்து என்ன வருகிறது என்று வாளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் கிடைத்த சோறு ஒன்றுதான். உயர்ந்த நிலை மனநிறைவைத் தருமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக எழ ஆரம்பித்தால் உங்கள் தியானம் வேலை செய்கிறது. எழவில்லை, தட்டுதான் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால், எத்தனை பேரொளி கண்டாலும் நிறைவு வராது.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2010ல் ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் கைத்தொலைபேசிச் செயலி வழியாக 2,250 பேரிடம் நாளின் எந்த நேரத்திலும் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அலைகிற மனம் அலையாத மனத்தைவிட மகிழ்ச்சி குறைந்ததாக இருந்தது, இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தாலும் கையிலிருந்த வேலையில் இருந்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. இப்போது நீங்கள் ஏழாவது நாளை நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறீர்கள். அதுவும் அலைவதுதான்.

நான் உங்களைச் செய்யச் சொல்வது இதுதான். தினமும் இருபது நிமிடம் உட்காருங்கள், அந்த மாலையைத் தேடாமல் உட்காருங்கள். கணவரிடம் நடந்ததை ஒருநாள் முழுதாகச் சொல்லுங்கள். நீங்கள் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும், எங்கே என்று தெரியாமல் அவரும் தவித்துக்கொண்டிருக்கலாம். வேலை சப்பென்று இருப்பதை உடனே தியானத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம், ஒருவேளை அந்த வேலை உண்மையிலேயே உங்களுக்குப் போதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறீர்களோ என்னவோ, அதைத் தனியாக யோசியுங்கள். அப்புறம் ஒன்று, இதை அலட்சியம் செய்யக்கூடாது: தூக்கம் கெட்டாலோ, காரணமில்லாத பயம் வந்தாலோ, சுற்றியிருப்பது எதுவும் நிஜமில்லை என்பது போன்ற உணர்வு விடாமல் இருந்தாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், பக்கத்துப் பலதுறை மருந்தகத்திலேயே ஆரம்பிக்கலாம். 2017ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தியானத்தில் சிரமங்களைச் சந்தித்த அறுபது பேர் அளவில் பேட்டி கண்டு இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் அனுபவம் மிக்க ஆசிரியர்களும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, யீஷூன். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் அலகுக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன், இந்தத் தைப்பூசத்தில் எடுத்தேன். அலகு குத்தும்போது வலி தெரியவில்லை. பெருமாள் கோயிலில் புறப்பட்டதும் அருள் வந்துவிட்டது, நடந்த தூரம் பாதி நினைவில் இல்லை. அண்ணன், "அதெல்லாம் வெறும் அட்ரினலின்" என்கிறான். அது உயர்ந்த நிலையா, இல்லையா? மற்ற 364 நாளும் நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன்.

பதில்: தம்பி, அண்ணன் சொல்வதில் உண்மை உண்டு. உடம்பு வலியை மறக்கடிக்க அதற்கென்று வழிகள் வைத்திருக்கிறது, கூட்டமும் உறுமியும் "வேல் வேல்" முழக்கமும் அதற்குத் துணை. ஆனால் எப்படி நடந்தது என்று சொல்லிவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் முடிந்துவிடாது. மொரீஷியஸிலும் நம்மைப் போலவே தைப்பூசக் காவடி உண்டு. அங்கே காவடி எடுத்தவர்களை மானுடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலடாஸின் குழு முன்னும் பின்னும் கண்காணித்து 2019ல் முடிவை வெளியிட்டது. உடல்நிலைக்குக் கேடு எதுவும் தென்படவில்லை, மனநலம் மேம்பட்டிருந்தது, அதிலும் கூடுதலாக அலகு குத்திக்கொண்டவர்களுக்குக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. இதை வைத்து அடுத்த வருடம் இன்னும் நாலு அலகு சேர்த்துக்கொள்ளாதீர்கள்!

எனக்கு உங்கள் கடிதத்தில் பட்டது வேறு. அருள் வந்ததைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள், விரதம் இருந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மண்டலம், 48 நாள், அல்லது உங்கள் வீட்டு வழக்கப்படி எத்தனை நாளோ, மாமிசம் தொடாமல், தரையில் படுத்து, நண்பர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகாமல் இருந்திருப்பீர்கள். டேங்க் ரோடு கோயிலில் காவடியை இறக்கிய பிறகு, அலகுகளை ஒவ்வொன்றாக எடுத்து திருநீறு வைத்து அழுத்தும்போது, அப்பா பக்கத்தில் நின்றாரா? நின்றிருந்தால் அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அதை நம்மவர்கள் நேர்த்திக்கடன் என்றார்கள், கடன் என்ற சொல்லைத் தெரிந்துதான் வைத்தார்கள். பட்ட கடனைத் தீர்த்தவருக்கு வருகிற நிறைவு, அருள் வந்தவருக்கு வருகிற பரவசம், இரண்டும் வேறு வேறு. பரவசம் பாதி நினைவில் இல்லை என்கிறீர்கள். கடன் தீர்ந்தது என்றைக்கும் நினைவில் இருக்கும். 364 நாள் சாதாரணமாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: பல்கலைக்கழக மாணவன். இருபது வருடத் தியானம் தருவதை ஒரு காளான் ஒரே பகலில் தந்துவிடும், அறிவியலே நிரூபித்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாடு போகும்போது முயன்று பார்க்கலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: வேண்டாம். அவர்கள் சொல்லும் ஆய்வு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடத்தப்பட்டு 2006ல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் அந்த அனுபவத்தைத் தங்கள் வாழ்வின் மிகப் பொருளுள்ள ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகச் சொன்னது உண்மைதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான அச்சம் ஏற்பட்டதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அதை நண்பர்கள் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த 36 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பல மணி நேரம் தயார்செய்யப்பட்டு, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அளவு பார்த்துக் கொடுக்கப்பட்டவர்கள். கடற்கரை விடுதியில் முன்பின் தெரியாதவரிடம் வாங்கிச் சாப்பிடுவதும் அதுவும் ஒன்றாகாது. சிங்கப்பூரில் அந்தக் காளானில் உள்ள சைலோசைபின் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள். உட்கொண்டால் பத்து ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். உங்கள் வயதில் இந்தத் தேடல் வருவது நல்ல விஷயம், தம்பி, அதை அணைத்துவிடாதீர்கள். பார்ட்லி ரோட்டிலுள்ள ராமகிருஷ்ண மிஷனுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அல்லது மெக்ரிட்சி காட்டில் தொலைபேசியை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் தனியாக நடந்து பாருங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 68 வயது, தோ பாயோவில் இருக்கிறேன். முப்பது வருடமாக வேதாந்தம் படிக்கிறேன், வகுப்புகளுக்குப் போகிறேன், தியானமும் உண்டு. என் மனைவி இதில் எதையும் தொட்டதில்லை. காலையில் சந்தை, சமையல், பேரப்பிள்ளைகள், மாலையில் புளோக் கீழே தோழிகளோடு பேச்சு. ஆனால் எங்கள் இருவரில் மனநிறைவோடு இருப்பது அவள்தான் என்று சமீபத்தில் எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. முப்பது வருடம் வீணா?

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே அந்த முப்பது வருடத்தால்தான் என்று நினைக்கிறேன். வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் நிறைவோடு இருக்கிறார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னாரா? நம் வீடுகளில் ஒரு பெண் எதையும் கேட்காமல் இருந்தால் அவருக்கு எதுவும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். என் அம்மாவை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சொல்லாமல் இருப்பது ஒன்று, நிறைந்திருப்பது ஒன்று, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

உண்மையிலேயே அவர் நிறைந்திருக்கிறார் என்றால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆப்ரஹாம் மாஸ்லோ என்ற உளவியலாளர் உச்ச அனுபவங்களைப் பற்றியே பல காலம் எழுதியவர். 1970ல் இறப்பதற்கு முந்தைய சில வருடங்களில், மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு, அவருடைய பேச்சு மாறியது. சிகரத்தை விட்டுவிட்டு மேட்டுநிலத்தைப் பற்றிப் பேசினார். அன்றாடம் பார்க்கிற முகங்களிலேயே, செடிகொடிகளிலேயே அமைதியான ஒரு வியப்பு, கண்ணீரும் நடுக்கமும் இல்லாமல், நாளெல்லாம் கூடவே வருவது. அதற்குப் பெயர் தெரியாமலேயே சிலர் அங்கே குடியிருக்கிறார்கள். சந்தையில் மீன்காரரோடு பேசும்போது மீன்காரரோடு மட்டும் பேசுகிறவர்கள் அவர்கள். நீங்களும் நானும் மீன் வாங்கும்போது பிரம்மத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்போம்.

அடுத்த முறை அவர் முருங்கைக்கீரை வாங்கி வந்தால், தரையில் செய்தித்தாளை விரித்து எதிரே உட்கார்ந்து நீங்களும் ஆயுங்கள். காம்பு கலக்காமல் இலையை மட்டும் உருவ அவர் சொல்லிக்கொடுப்பார். வேதாந்தம் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு கட்டு முடிகிறபோது, "உனக்கு மனசு நிறைவா இருக்கா?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். அவர் சம்மதித்தால், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.